சாதாரண பேட்டரி மட்டும்

உள்ளே போன பேட்டரி வெளியே வரவில்லை.

அவள் டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். உள்ளங்கையில் தட்டினாள். முழங்காலில் தட்டினாள். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்திருந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்டோர் ரூம் தரையில் ஓங்கித் தட்டினாள். டார்ச்சின் கழுத்தில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்தது. பேட்டரி அப்படியே இருந்தது.

பல்ப் ஏற்கெனவே வெடித்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்த வெள்ளிக் கிண்ணம் பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துப் போயிருந்தது. வாடை வேறு. அந்த வாடையை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

டார்ச் கம்பெனியின் வாரண்டி கவுண்டரில் உட்காருகிறவள் அவள். அட்டையில் ‘ஆயுள் முழுக்க வாரண்டி’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதற்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி, ‘சாதாரண பேட்டரி மட்டும்’ என்று இருக்கும். பெரிய எழுத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு எறும்பு எழுத்தைக் காட்டி அனுப்புவதுதான் வேலை. சார்ஜ் செய்கிற லித்தியம் பேட்டரி பார்வைக்குச் சாதாரண பேட்டரி அளவில்தான் இருக்கும். சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். அந்த டார்ச் அதைத் தாங்காது. எரித்துக்கொண்டு வருகிற யாரும், போட்டேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. “தானா போயிடுச்சு மேடம்” என்பார்கள். அவள் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கைப் பார்த்து, மூக்கருகே ஒருமுறை கொண்டுபோவாள்.

“லித்தியம். அடுத்தவங்க வாங்க.”

கம்பெனியில் அவளுக்கு ‘மோப்பம் மேடம்’ என்று பெயர். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு.

இப்போது அவள் மடியில் கிடந்தது மாமனாரின் டார்ச்.

மாமனார் சினிமா தியேட்டரில் இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டிக்கொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய டார்ச், ஓய்வு பெற்ற பிறகும் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. அதிலிருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கதை இருந்தது. இது இடைவேளையில் நடந்த சண்டையை விலக்கியபோது விழுந்தது. இது பால்கனிப் படியில் உருண்டபோது. இது, ஒரு கல்யாண ஜோடியைத் தப்பான வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஓடியபோது. வீட்டுக்கு வருகிற விருந்தாளி தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முதல் பள்ளத்தை ஆரம்பித்துவிடுவார்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ரிப்பேர்னு போனதில்லை. ஏன்? சாதாரண பேட்டரி! என் மருமகளைக் கேளுங்க!”

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்: “இன்னிக்கு யாரைப் பிடிச்சே? எப்படிக் கண்டுபிடிச்சே? எதைப் பார்த்தே?” புருஷன்கூட அவள் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. மாமனாரின் அந்தப் பெருமை அவளுக்கு உடம்பில் ஏறும் வெயில் மாதிரி இதமாக இருக்கும். பிறந்த வீட்டில் அவளை யாரும் எதற்கும் மெச்சியதில்லை.

அப்படிப்பட்டவரின் டார்ச்சில், அவரும் மாமியாரும் வெளியூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஏன் லித்தியம் பேட்டரியைப் போட்டாள்?

அதற்குப் பதில் அவளுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். கவுண்டரின் மறுபக்கம் நின்று எத்தனையோ பேர் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். டாக்டர், பாதிரியார், கைக்குழந்தைக்காரி, எல்லோரும். இத்தனை பேரைப் பொய் சொல்லவைக்கிற அந்த வெளிச்சத்தை அவள் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. அவளிடம் வந்து சேர்வதெல்லாம் கரி மட்டும்தான். யாரோ கவுண்டரில் மறந்துவிட்டுப் போன இரண்டு பேட்டரிகள் கைப்பைக்குள் வந்தது, ஏதோ அவளுக்குச் சம்பந்தமில்லாமல் நடந்த மாதிரிதான் நடந்தது.

திறந்து பார்த்தபோது உள்ளே சாதாரண பேட்டரிதான் இருந்தது. ஸ்பிரிங் பளபளவென்று இருந்தது. ‘இத்தனை வருஷ டார்ச்! ஒழுங்காக வைத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும்’ என்று மாமனாரை மனசுக்குள் பாராட்டிவிட்டு, சற்றே தடிமனான லித்தியத்தை அழுத்தித் திணித்தாள். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானைத் தள்ளினாள்.

இருட்டான அந்த அறைக்குள் ஒரு நடுப்பகல் வந்து நின்றது. பழைய பெட்டி, உடைந்த மின்விசிறி, சுவரில் ஒட்டடை நூல் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பாதிரியார் சும்மா பொய் சொல்லவில்லை என்று நினைத்தாள்.

நினைத்து முடிப்பதற்குள் ‘டப்’.

*

ஃப்ரீசரில் வைத்தால் பேட்டரி சுருங்கும் என்று ஒரு யோசனை வந்தது. வைத்தாள். எடுக்கும்போது டார்ச்சின் மேல் பனி படிந்திருந்தது. பேட்டரி சுருங்கவில்லை. எண்ணெய் விட்டாள். இப்போது டார்ச் கையில் நிற்காமல் வழுக்கிச் சமையல் மேடையில் விழுந்து, இன்னொரு பள்ளம். குறடால் இழுத்தாள். பின்மூடி மாட்டுகிற மரை பிய்ந்தது.

மறுநாள் அதைத் துணியில் சுற்றி, கம்பெனியின் பின்புறப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். மெக்கானிக் துணியைப் பிரித்ததுமே மூக்கைச் சுளித்தார்.

“லித்தியம். இதை எதுக்கு மேடம் இவ்வளவு தூரம் கொண்டு வர்றீங்க? வாசல்லயே விரட்டியிருப்பீங்களே.”

“பேட்டரியை மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்.”

“யாரோடது?”

“ஒரு... பெரியவரோடது.”

“போடவே இல்லைங்கிறாராக்கும்?”

அவள் தலை தானாக ஆடியது.

“பாருங்க, இந்த வயசுல திருட்டுத்தனம்! உள்ளே தண்ணி கோத்திருக்கு, ஃப்ரீசர்ல வேற வச்சிருக்கார். எண்ணெய் வேற. கில்லாடிக் கிழவன். கூப்பிடுங்க மேடம் அந்த ஆளை, நான் நாலு கேள்வி கேட்கறேன்.”

“வேண்டாம். பாவம்.”

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “நீங்களா மேடம் பாவம்ங்கிறீங்க?”

மதியத்துக்குள் அந்தச் செய்தி எல்லா மேஜைக்கும் போய்விட்டது. “உடம்பு சரியில்லையா மேடம்?” என்று மூன்று பேர் விசாரித்தார்கள். சாயங்காலம் டார்ச் குழாய் இரண்டாக அறுக்கப்பட்டுக் காகிதப் பொட்டலத்தில் வந்தது. “வேற வழியில்ல. பெரியவர்கிட்ட சொல்லிடுங்க, இனிமே இதுல பூச்செடிதான் நடலாம்னு.”

பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு டார்ச்சைவிட அந்தத் தலையாட்டல்தான் உறுத்தியது. உலகத்திலேயே தன்னை மெச்சுகிற ஒரே மனிதரை, ஒரு பட்டறைக்காரரிடம் திருடன் ஆக்கிவிட்டு வந்திருக்கிறாள். வாயைத் திறக்காமலேயே.

கம்பெனி அந்தப் பழைய மாடலை இன்னும் செய்துகொண்டிருந்தது. வழியில் இறங்கி, தன்னைத் தெரியாத ஒரு கடையாகத் தேடி, புதியது ஒன்று வாங்கினாள்.

“வாரண்டி கார்டு தரட்டுமா?” என்றார் கடைக்காரர்.

“வேண்டவே வேண்டாம்.”

*

புதிய டார்ச்சைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தபோது புருஷன் உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியன் அவன். எதையும் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

“யார் மேல கோபம்?”

“யார் மேலயும் இல்ல.”

“அப்போ அது என்ன?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை, சிரிப்பு. அதை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“மோப்பம் மேடமே லித்தியம் போட்டுட்டாங்களா!”

“சிரிங்க, நல்லா சிரிங்க. மாமா வந்து கேட்டா உங்க பேரைத்தான் சொல்லப் போறேன்.”

“அப்பாகிட்ட நேரா சொல்லிடேன். கோவிச்சுக்க மாட்டார்.”

“கோவிச்சுக்கிட்டா பரவாயில்லைங்க. ‘நீயா?’ன்னு ஒரு பார்வை பார்ப்பாரே. அதை என்னால தாங்க முடியாது.”

அவன் சிரிப்பு நின்றது. சுத்தியலை வாங்கிக்கொண்டான்.

போன வருஷம் எடுத்த குடும்பப் புகைப்படம் ஒன்றில் மாமனார் டார்ச்சை மார்போடு பிடித்திருந்தார். அதைச் சுவரில் சாய்த்துவைத்து வேலையை ஆரம்பித்தார்கள். உப்புத்தாளால் மூலைகளைத் தேய்த்தான். கறுப்பு ஷூ பாலிஷைப் பள்ளங்களில் தடவித் துடைத்தான். பொத்தானைச் சுற்றி நகத்தால் சுரண்டினான்.

“இடைவேளைச் சண்டை இன்னும் மேலே இருக்கணும்.”

“அது பால்கனிப் படிங்க. சண்டை இந்தப் பக்கம்.”

“நான் இந்தக் கதையைப் பிறந்ததுலேர்ந்து கேட்கறேன்.”

“நான் போன வாரம்கூடக் கேட்டேன்.”

இரண்டு சாயங்காலம் இப்படிப் போனது. கடைசியில் அவன் டார்ச்சைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். “என் ஸ்டூடன்ட்ஸ் யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன்” என்றான். கல்யாணம் ஆன புதிதில் இருந்த மாதிரி அவர்கள் இருவரும் கொஞ்சம் நெருக்கமாகக்கூட ஆகியிருந்தார்கள். குற்றத்துக்கு இப்படி ஒரு பலன் இருப்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

*

மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்தார்கள். மாமனார் செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரியைத் திறந்து டார்ச்சை எடுத்தார். கையில் எடைபார்த்தார். பொத்தானைத் தள்ளினார். எரிந்தது. அணைத்தார்.

“துடைச்சியாம்மா?”

“லேசா தூசி இருந்துச்சு மாமா.”

“ஸ்டோர் ரூம் பக்கம் ஏதோ தீஞ்ச வாடை வருதே?”

“பால் பொங்கிடுச்சு மாமா.”

“ஸ்டோர் ரூம்லயா?”

அவள் அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் டார்ச்சை இன்னொரு தடவை எரியவிட்டு அணைத்தார். மாமியார் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, மருமகளையும் டார்ச்சையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குறுக்கெழுத்துப் போட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும், கட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று மாமனார் கேலி செய்வார்.

தப்பித்துவிட்டோம் என்று அவள் நிம்மதியாக இருந்தது மறுநாள் காலை பத்து மணி வரைக்கும்தான்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

“மேடம், கம்பெனி ஆண்டு விழாவுல ஒரு புதுமை பண்ணலாம்னு இருக்கோம். ஒருதடவைகூட ரிப்பேருக்கு வராத பழைய டார்ச்சை மேடையில வச்சு, அதோட சொந்தக்காரருக்கு மரியாதை பண்ணப் போறோம். அப்புறம் அந்த டார்ச்சை வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிரந்தரமா வைக்கப் போறோம்.”

“நல்ல யோசனை சார். யாரோடது?”

“நீங்க ஒருநாள் மூக்குக் கண்ணாடியை மறந்துட்டு வந்தப்போ உங்க மாமனார் கொண்டுவந்து குடுத்தாரே? அன்னிக்கு என்கிட்ட எல்லாப் பள்ளத்தையும் சொன்னார்.”

அவளுக்குக் காதுக்குள் ‘டப்’ என்றது.

“இன்னொரு விஷயம்” என்றார் மேனேஜர், மேஜையில் சாய்ந்துகொண்டு. “அந்த டார்ச்சை எல்லார் முன்னாடியும் சோதிச்சுச் சொல்லப்போறது நீங்கதான். உங்க மூக்கை யாரும் சந்தேகப்பட முடியாதில்ல?”

வீட்டுக்கு வந்தபோது, மாமனாருக்கும் மேனேஜர் போன் செய்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“வேண்டாம்மா. பழைய சாமான். அதைப் போய் மேடையில வச்சுக்கிட்டு...”

“அதையேதான் மாமா நானும் சொன்னேன்.”

“நாலு பேர் முன்னாடி நீ அதைத் திறந்து... எதுக்கு உனக்குச் சிரமம்?”

“சிரமம்தான் மாமா. ரொம்பச் சிரமம்.”

“நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்ல” என்றான் புருஷன். அவள் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

மாமனாருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். டார்ச் மாறியது தெரிந்து, மருமகளின் மானம் போகக்கூடாதே என்றுதான் வேண்டாம் என்கிறார். அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் இருவரும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொன்னபோது மேனேஜர் நெகிழ்ந்துபோனார். “என்ன அடக்கம்! இந்தக் குடும்பத்துக்குத்தான் மரியாதை பண்ணணும்” என்று கார் வேறு அனுப்பினார்.

“நானும் வரேன்” என்றாள் மாமியார், பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு.

*

கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் பட்டறை மெக்கானிக்கும் இருந்தார். மேடையில் வெல்வெட் துணி விரித்த மேஜை, அதன்மேல் டார்ச். ஒரு பக்கம் மாமனார், இஸ்திரி போட்ட சட்டையில், படம் ஆரம்பிப்பதற்கு முன் வாசலில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். இன்னொரு பக்கம் அவள்.

“நம்ம மேடத்தை யாரும் ஏமாத்த முடியாது” என்று மேனேஜர் மைக்கில் முழங்கினார். “சொந்த மாமனாரா இருந்தாலும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் கடைசியில் சிரித்தார்.

அவள் டார்ச்சை எடுத்தாள். பின்மூடியைத் திருகினாள். அப்போதுதான் பார்த்தாள். வெளியே அத்தனை வருஷத்தையும் ஏற்றியவர்கள், ஸ்பிரிங்கை மறந்துவிட்டார்கள். அது நேற்றுப் பிறந்த மாதிரி மின்னியது. கீழே புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் உள்ளங்கையால் அதை மறைத்தபடி மூக்கருகே கொண்டுபோனாள். ஷூ பாலிஷ் வாசனை அடித்தது.

நிமிர்ந்தாள். மாமனாரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவர் டார்ச்சைப் பார்க்கவில்லை, அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை வருஷமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வாய் உலர்ந்திருக்கும், கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், கண் அவள் மூக்கிலேயே இருக்கும். அவர்கள் பயந்தது டார்ச் போய்விடுமே என்று மட்டும் இல்லை போலிருக்கிறது. தன்னை இன்னொருத்தி பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்றும்தான். இது அவளுக்கு இன்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தானே நிற்கும்போதுதான் புரிந்தது. ‘அடுத்தவங்க வாங்க’ என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். வந்ததும் உண்மைதான்.

“இந்த டார்ச்சுல, இன்னிவரைக்கும், சாதாரண பேட்டரி மட்டும்தான் போட்டிருக்கு.”

கைதட்டல் எழுந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதில்லை.

மாமனார் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்ட சத்தம் மைக்கில் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் மருமக மூக்கு பொய் சொல்லாது” என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மெக்கானிக் எழுந்து நின்றே தட்டினார். பிறகு மாமனார் டார்ச்சைக் கையிலெடுத்து இடைவேளைச் சண்டையை ஆரம்பித்தார். அவர் விரல் பள்ளம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே அது இல்லாமல், ஒரு கணம் தடுமாறி, பக்கத்திலேயே கண்டுபிடித்துக்கொண்டு மேலே போனது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேடையிலிருந்து இறங்கி, மாமியாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது.

“அத்தை, ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவாயில்ல. அந்த டார்ச் மாமாவோடது இல்ல. நீங்க ஊர்ல இல்லாதப்போ நான் அதுல லித்தியம் போட்டு எரிச்சுட்டேன். இது புதுசு. நாங்கதான் தேய்ச்சுப் பழசாக்கினோம்.”

மாமியார் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், மருமகளின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“பேசாம உட்காரும்மா; உன் மாமா லித்தியம் போட்டு எரிச்சுட்டு, உனக்குப் பயந்து ராத்திரியெல்லாம் தேய்ச்சுப் பழசாக்கின ரெண்டு டார்ச்சையும்விட, நீ பண்ணினது எவ்வளவோ நல்லா வந்திருக்கு.”